தமிழில் அழுத யட்சி

நீங்கள் சேரப்போகும் பள்ளியில் உங்களுக்கென்று ஒரு அறை கொடுப்பார்கள். அது வேறு எதற்கும் ஆகாத அறையாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைத்தது, மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியின் சமையற்கட்டை ஒட்டியிருந்த அறை. காலை பத்து மணிக்கெல்லாம் சிறுபயறு வேகிற வாசனை வந்துவிடும். மனம் விட்டுப் பேசுவதற்கு ஏற்ற இடமா இது என்று முதல் வாரம் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள்கூட அந்த வாசனைக்காகவே வந்து உட்கார்ந்தார்கள். யார் சும்மா வருகிறார்கள், யார் மனசில் பாரத்தோடு வருகிறார்கள் என்று வெளியில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. நம் வேலைக்கு இதைவிட நல்ல அறை கிடையாது.

"கவுன்சிலர்" என்ற சொல் ஒன்றாம் வகுப்பின் வாயில் நுழையவில்லை. அதனால் நான் "கவுசி டீச்சர்" ஆனேன். என் பெயர் லலிதா. புதிதாக வந்த ஆசிரியைகள் சிலர் என் பெயர் கௌசல்யா என்றே நினைத்துக்கொண்டு ஓணத்துக்கு வாழ்த்து அட்டையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். நான் திருத்தவில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நீங்களும் என்னைப் போலத்தான். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிகளுக்குப் போகிறீர்கள். மதிப்பீடு செய்வது எப்படி, யாரை எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கு எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

நான் சேர்ந்த முதல் வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். முத்து என்று வைத்துக்கொள்வோம். இதில் வருகிற பிள்ளைகளின் பெயர்கள் எல்லாமே மாற்றியவைதான். தேனிப் பக்கத்திலிருந்து அப்போதுதான் குடும்பமாக வந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கடைவீதிக் குடோன் ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை. தினமும் அம்மா வந்து கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பியதும், முத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பிப்பான். ஜூன் மாதத்தில் ஒன்றாம் வகுப்பே அழும்; அது ஒன்றும் புதிதில்லை. ஜூலை முடிந்தும் இவன் நிறுத்தவில்லை. அழுகைக்கு நடுவில் "வைப்பின், வைப்பின்" என்று வேறு சொல்வான். பையன் வைப்பின் தீவுக்குப் போக ஆசைப்படுகிறான் என்று அவன் வகுப்பு டீச்சர் முடிவு செய்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் கூட்டிப் போகலாமா என்றுகூட யோசித்தார்.

"ஏன் அழறே?" என்று எல்லாரும் அவனிடம் கேட்டாயிற்று. அந்த வயசில் அந்தக் கேள்விக்கு யாருக்குப் பதில் தெரியும்? நான் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"நீ இங்க இருக்கிறப்போ, அங்க என்ன ஆயிடும்னு நினைக்கிறே?"

"அம்மா போட்டு மாறி ஏறிரும்," என்றான்.

போட்டு என்றால் படகு. விசாரித்தேன். ஊருக்கு வந்த புதிதில் அவன் அம்மா பஸ்ஸில் ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, கூட்டம் போகிற பக்கமே நடந்து, அந்தக் கூட்டத்தோடு படகிலும் ஏறி, வைப்பினில் போய் நின்றிருக்கிறாள். மலையாளம் ஒரு சொல் தெரியாது. கையில் இருந்த போனிலும் சார்ஜ் இல்லை. கூட இருந்த முத்துதான், தெருப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட நாலைந்து மலையாளச் சொற்களை வைத்து வழி கேட்டு, அம்மாவைக் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறான். அந்த வழிகாட்டியைக் கொண்டுவந்து நாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டோம். இனி அம்மாவுக்கு யார் வழி சொல்வார்கள்?

அவன் அம்மாவிடம் பேசினேன். வீட்டுக்குப் போனதும் பள்ளி ஆபீசுக்கு ஒரு போன் போடுவதாக ஒப்புக்கொண்டாள். போன் வந்ததும் கிளார்க் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "முத்து, அம்மா எத்தி" என்பார். வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். முத்து பெரிய அதிகாரி மாதிரி தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பிப்பான். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, களிமண்ணில் யானை செய்துகொண்டிருந்தவன் நிமிரக்கூட இல்லை. "சரி, சரி," என்று கையை மட்டும் வீசினான். அன்றோடு போனை நிறுத்திக்கொண்டோம்.

அழுகிற பிள்ளை தனக்காகத்தான் அழுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதி நேரம் அது வேறு யாரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறது. முத்து எனக்குக் கற்றுக் கொடுத்தது இது. பின்னால் யட்சி விஷயத்திலும் எனக்கு இது உதவியது.

யட்சி என்றால் இங்கே தெரியாதவர் இல்லை. வெள்ளைப் புடவை, முட்டி வரை கூந்தல், வழியில் போகிறவனை நிறுத்திச் சுண்ணாம்பு கேட்கிற பேய். பனைமரத்தில் இருக்க வேண்டியது, நல்ல மழைக்காலத்தில் எங்கள் பள்ளியின் பெண்கள் கழிப்பறையில் வந்து குடியேறிவிட்டது.

முதலில் எங்களுக்கு விஷயம் தெரியாது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு அடியில் ஈரம் இருந்தது. மழைத் தண்ணீர் என்று துடைத்துவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று சில அம்மாக்கள் குறைப்பட்டார்கள். பிறகு மூன்றாம் வகுப்பு ஆயிஷாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரை அடக்கி அடக்கி வந்த தொற்று என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கழிப்பறை அசுத்தமாக இருப்பதால்தான் பிள்ளை போகவில்லை என்று நினைத்து ஆயிஷாவின் உம்மா சண்டைக்கு வந்தார். எங்கள் எச்.எம். அவரை நேரே கூட்டிப் போய்க் காட்டினார். அது பளிச்சென்று இருந்தது. அப்போதுதான் கூட இருந்த பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். கடைசி பாத்ரூமில் யட்சி இருக்கிறதாம்.

எச்.எம். கொங்கணி வீட்டுக்காரர். என்னோடு மட்டும் தமிழ் பேசுவார். அந்தத் தமிழில் பாதி மலையாளமாக இருக்கும். நேரான மனுஷி. மறுநாள் காலை அசெம்ப்ளியில் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, "யட்சி என்று ஒன்று கிடையவே கிடையாது, யாரும் பயப்பட வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அதுவரை மூன்றாம் வகுப்புக்கு மட்டும் தெரிந்திருந்த யட்சியை அன்று முழுப் பள்ளிக்கும் தெரிந்துபோயிற்று. மத்தியானத்துக்குள் ஒன்றாம் வகுப்புக் குட்டிகள்கூடக் காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள்.

எச்.எம். என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"லலிதா டீச்சர், நீங்க கவுன்சிலர் அல்லே? யட்சியைக் கவுன்சில் செய்ய முடியுமா?"

"முதல்ல பிள்ளைங்களை ஒண்ணுக்குப் போக வைக்கணும் டீச்சர். பயத்தை அப்புறம் பார்க்கலாம். நம்ம ஸ்டாஃப் பாத்ரூமைத் திறந்து விட முடியுமா?"

அந்தப் பாத்ரூமின் சாவியை எச்.எம். தன் புடவை இடுப்பில் சொருகி வைத்திருப்பார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து பிள்ளைகள் டீச்சர் ஒருவர் கூட நிற்க, அங்கே போனார்கள். நீங்கள் மனசைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறீர்கள். உடம்பை மறந்துவிடாதீர்கள். அந்த வாரம் இன்னொரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை, அந்தச் சாவி.

வியாழக்கிழமை சாயங்காலம் பெற்றோர் கூட்டம் போட வேண்டியதாயிற்று. ஹால் நிறைந்துவிட்டது. கோயில் பூசாரி திருமேனியை அழைத்து ஒரு ஹோமம் செய்யலாம் என்றார் ஒருவர். பள்ளிவாசல் உஸ்தாத் தண்ணீர் ஓதிக் கொடுத்தால் போதும் என்றார் இன்னொருவர். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்கட்டும் என்றார் பின்னால் இருந்த ஒரு அம்மா. குரல்கள் ஏறிக்கொண்டே போயின. பெற்றோர் சங்கத் தலைவர் கடைவீதியில் சுக்கு வியாபாரம் செய்பவர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். எழுந்து நின்று கைகூப்பினார்.

"மூணு பேரையும் விளிக்கலாம். யட்சி எந்த மதம்னு நமக்கு அறியில்லல்லோ."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே சொன்னார்.

மூன்று பெரியவர்கள்மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மந்திரிக்க ஆள் வந்துவிட்டால், அங்கே ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று நாமே பிள்ளைகளுக்கு உறுதி சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும். யார் வந்து எதைத் துரத்தினாலும், அது திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் அடுத்த மழை வரை இருக்கும். நான் எழுந்து, திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டேன். அதுவரை யட்சி பொறுத்துக்கொள்ளுமா என்று யாரோ கேட்டார்கள். பொறுத்துக்கொள்ளும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் வகுப்புக்குப் போனேன். யட்சி இருக்கிறதா இல்லையா என்ற பேச்சையே எடுக்கவில்லை. "எனக்கு அந்தக் கதையைச் சொல்லுங்க," என்று தரையில் உட்கார்ந்தேன். ஒருத்தி கொலுசுச் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். இன்னொருத்தி வாளிக்குள் முடி மிதந்ததைப் பார்த்தாளாம். அது சுண்ணாம்பு கேட்டது என்று ஒரு பையன் சொன்னான். பெண்கள் பாத்ரூமில் உனக்கென்ன வேலை என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். எல்லாரையும்விட அழகாகச் சொன்னவள் பவித்ரா. யட்சிக்குச் சிவப்புக் கண் என்றும், அது சுவரில் தலைகீழாக நடக்கும் என்றும், சின்னப் பிள்ளைகளை ஒன்றும் செய்யாது, ஆனால் யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்றும் கையை விரித்து விரித்துச் சொன்னாள். சொன்னது முழுக்க மலையாளத்தில்.

எனக்கு அது சின்னதாக உறுத்தியது. பவித்ராவின் அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர். அம்மா துணி தேய்த்துக் கொடுப்பவர். தலைமுறைகளாக இங்கேயே இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். வகுப்பில் மலையாளம் பேசினாலும், என்னைப் பார்த்தால் மட்டும் ஓடி வந்து தமிழில் கொட்டித் தீர்ப்பாள். அன்று நான் தமிழில் கேட்டதற்கும் மலையாளத்திலேயே பதில் சொன்னாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆயிஷாவுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. கையில் ஊசி குத்தியிருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை. யட்சியின் சத்தத்தை நேரில் கேட்டவர்களில் அவளும் ஒருத்தி. வகுப்பில் கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் கேட்டதைக் கேட்டவர்கள். போன வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து, பெருமழையில் எல்லாரும் கேட்டுக்கு ஓடிய பிறகு, அவளும் இன்னும் சிலரும் மழைக்காகக் கழிப்பறைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். அப்போது கடைசிக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டதாம். உள்ளே இருந்து அழுகை.

"எப்படி அழுதது?" என்றேன்.

ஆயிஷா உம்மாவைப் பார்த்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "டீச்சரே, அது தமிழிலா கரைஞ்ஞது."

மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. யட்சி தமிழில் அழுததாம்.

"'தொறங்கம்மா, தொறங்கம்மா'ன்னு," என்று அவள் அந்தக் குரலிலேயே செய்து காட்டினாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உம்மா மட்டும், "நம்மட யட்சிகளொக்க மலையாளமல்லே டீச்சர்?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோ கடைவீதியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மழைத்தண்ணீர் தார்ப்பாயிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். பயத்தில் யாருக்கும் அம்மாவிடம் பேசுகிற பாஷைதான் வாயில் வரும். வகுப்பில் எப்போதும் மலையாளம் பேசுகிற ஒரு பிள்ளை, உயிர் போகிற பயத்தில் தமிழில் கத்தினால், பக்கத்து பெஞ்சில் இருக்கிற தோழிக்குக்கூட அந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. அதற்குப் பிறகு யட்சி தமிழ் பேசும் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தமிழை விட்டுவிடும்.

பள்ளிக்கு வந்ததும் எச்.எம்.மிடம் சொன்னேன். உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு பிள்ளை என்று மட்டும். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ தீர்ந்தது. இப்பவே மைக்கை எடுக்கலாம். யட்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல, நம்ம இன்ன குட்டிதான்னு சொல்லலாம். யாரு?"

"பேரைச் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"எந்தா?"

"இன்னைக்குப் பேரைச் சொன்னா, அஞ்சு நிமிஷத்துல பள்ளிக்கூடம் சரியாயிடும். அந்தக் குழந்தைக்கு இந்தப் பள்ளிக்கூடம் விட்டுப் போற வரைக்கும் யட்சின்னுதான் பேர் இருக்கும்."

"ஒரு குட்டிக்காக மத்த குட்டிகள் எல்லாம் பேடிக்கணுமா?"

அவர் கேட்டது நியாயம். மற்றப் பிள்ளைகளின் பயத்துக்கும் அவர்தான் பொறுப்பு. எனக்கும் அந்த நிமிஷத்தில் பேரைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் ஸ்டாஃப் பாத்ரூம் திறந்திருக்கிறது, இனி எந்தப் பிள்ளையின் உடம்புக்கும் ஆபத்து இல்லை. இரண்டு நாள் பயத்தைப் பள்ளி தாங்கும், அந்தப் பெயரைப் பவித்ரா தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அதையே சொன்னேன். அவருக்குக் கோபம்தான். "திங்கட்கிழமை," என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். ஆனால் மைக்கை எடுக்கவில்லை. அந்த மனுஷியிடம் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

கடைசிப் பீரியடில் பவித்ராவை அறைக்குக் கூப்பிட்டேன். முறத்தில் சிறுபயறைக் கொட்டி, இரண்டு பேரும் கல் பொறுக்க ஆரம்பித்தோம். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் பிள்ளைகள் பேசமாட்டார்கள். கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானே வரும்.

"பாவம் அந்த யட்சி," என்றேன் தமிழில். "உள்ள மாட்டிக்கிட்டு எவ்வளவு பயந்திருக்கும்."

பவித்ராவின் விரல் நின்றது. மலையாளத்தில், யட்சிக்குப் பயம் வருமா என்று கேட்டாள்.

"கதவு தொறக்கலேன்னா யாருக்கும் வரும்."

இன்னும் கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள். இப்போது தமிழ் வந்துவிட்டது.

"அது விளிச்சப்ப யாரும் வரல டீச்சர். கதவுக்குக் கீழ ஆயிஷாவோட செருப்பு தெரிஞ்சது. ரோஸ் செருப்பு. அது திரும்பி ஓடிடுச்சு."

"அப்புறம் யட்சி எப்படி வெளிய வந்துச்சு?"

"காலால சவிட்டிச்சு. நெறைய நேரம். அப்புறம் தாழ்ப்பாள் தானே எளகிடுச்சு. வெளிய யாருமே இல்ல. மழை மட்டும்."

"அது யார்கிட்டயும் சொல்லலையா?"

"திங்கட்கிழமை சொல்லலாம்னு வந்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் யட்சி யட்சின்னு சொன்னாங்க. சொன்னா அதைத்தானே யட்சின்னு விளிப்பாங்க."

நான் யட்சியை விட்டு விலகவே இல்லை. நீயா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவள் ஒரு போர்வைக்குள் இருந்துகொண்டு பேசுகிறாள். அதை நாம் பிடித்து இழுக்கக்கூடாது. குளிர் விட்டதும் அவளே தள்ளிவிடுவாள்.

"யட்சிக்கு இப்ப மனசுல என்ன இருக்கு?"

முறம் ஆடியது. "ஆயிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது என்னாலதானே டீச்சர்?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

'என்னால' என்று அவள் சொன்னதை நான் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அவள் யட்சிக்குச் சிவப்புக் கண் வைத்ததும், சுவரில் தலைகீழாக நடக்க விட்டதும், தன் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கத்தான். அதையும் செய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற தோழியின் காய்ச்சலையும் தன் தலையில் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். காய்ச்சல் யாராலும் வரவில்லை, ஆயிஷா உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறாள், நான் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொன்னேன். அழுகை அடங்கியதும் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். மன்னிப்பு, தண்டனை, அப்படி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தத் தாழ்ப்பாளை எடுத்திடணும்," என்றாள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

சனிக்கிழமை தச்சர் வந்தார். மழையில் ஊதிப்போயிருந்த கதவுகளை இழைத்துவிட்டு, பழைய தாழ்ப்பாள்களைக் கழற்றி, வெளியிலிருந்தும் நெம்பித் திறக்கக்கூடிய சின்னக் கொக்கிகளைப் பிள்ளைகளின் உயரத்துக்குப் போட்டார். பவித்ராவும் அம்மாவும் வந்திருந்தார்கள். முந்தின நாள் ராத்திரியே மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"அதான் டீச்சர், ஒரு வாரமா வீட்டுலயும் மலையாளத்துலயே பேசுறா," என்றார் அம்மா. "நல்லா படிக்கிறாபோலன்னு நாங்க சந்தோஷப்பட்டோம்." பிறகு மகளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, யட்சிக்கு முட்டி வரைக்கும் முடி வேணுமே. இந்த எலிவாலை வச்சுக்கிட்டு நீ எப்படிடி யட்சி ஆன?"

பவித்ரா தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. வாரம் முழுக்க நாங்கள் படித்தவர்களும் பெரியவர்களும் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தோம். பிள்ளையை முதலில் சிரிக்க வைத்தது அந்த எலிவால். பிறகு அம்மா வெளியே நிற்க, பவித்ரா கடைசி பாத்ரூமுக்குள் போய்க் கொக்கியைப் போட்டாள், எடுத்தாள். மறுபடி போட்டாள், எடுத்தாள். தச்சருக்குச் சாயா குடிக்க நேரமாகிவிட்டது. அவள் நிறுத்துகிற வழியாக இல்லை.

"திங்கட்கிழமை நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்று அவளிடம் சொன்னேன். "கதவு நல்லா தொறக்குதுன்னு நான் எல்லாருக்கும் காட்டப்போறேன். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. ஆயிஷாவும் வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகளைக் கழிப்பறை வாசலுக்குக் கூட்டிப் போனேன். எச்.எம். எனக்குப் பக்கத்துத் தூணோரமாக நின்றார். பெற்றோர் சங்கத் தலைவர் கையில் போனோடு கேட்டுப் பக்கம் நின்றார். மூன்று பெரியவர்களிடமும் பேசி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன், கொக்கியைக் காட்டினேன், வெளியிலிருந்து திறந்தும் காட்டினேன். பிள்ளைகள் பார்த்தார்கள். ஆனால் ஒருத்திகூட ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. இவ்வளவு நல்ல கொக்கிக்கும் யட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் முகம் கேட்டது.

எச்.எம். என்னைப் பார்த்தார். தலைவர் போனைப் பார்த்தார். பவித்ராவும் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் மதில்மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணில் ஒரு துளி எதிர்பார்ப்பைப் பார்த்தாலும் அவள் எனக்காகச் செய்துவிடுவாள். நம்மை நம்பிவிட்ட பிள்ளை நாம் கேட்காததைக்கூடக் கொடுத்துவிடும். அதை வாங்கிக்கொள்ளக் கூடாது. அந்தச் சில நொடிகள் சும்மா நின்றதுதான் என் வேலைக்காலத்திலேயே நான் செய்த கடினமான காரியம்.

செருப்புச் சத்தம் கேட்டது. பவித்ரா என்னைத் தாண்டி உள்ளே போனாள். கதவு மூடிற்று. கொக்கி விழுந்தது.

பிறகு உள்ளே இருந்து அந்தச் சத்தம். "அம்மா... தொறங்கம்மா... தொறங்கம்மா..."

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பிடித்தார்கள். எச்.எம். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. கதவு திறந்தது. பவித்ரா நின்றாள், முகம் சிவந்து.

"நான்தான்," என்றாள் தமிழில். "அன்னைக்குக் கதவு தொறக்கல. நான்தான் விளிச்சேன். நீங்க எல்லாரும் ஓடிட்டீங்க."

ஆயிஷா வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தாள். "நீயாயிருந்நோ?" என்றாள் மெதுவாக. பிறகு அவள் முகம் கோணிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மாறி நில்லு, எனக்கு முட்டுது," என்று பவித்ராவை ஒதுக்கிவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிரிப்பு வெடித்தது. தூணோரமாக எச்.எம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

கொஞ்ச நாள் சிலர் அவளை யட்சி என்று கூப்பிடத்தான் செய்தார்கள். கூப்பிட்டால் அவள் கண்ணை உருட்டி, "தொறங்கம்மா" என்று துரத்துவாள். தானே எடுத்துப் போட்டுக்கொண்ட பெயர் அவ்வளவாகக் குத்துவதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மலையாளப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல் அத்துப்படி. ஒளிந்து விளையாடும்போது, சோற்றுப் பாத்திர மூடி இறுகிவிட்டால், கணக்கு டீச்சர் வாசலை மறித்து நின்றால், எல்லாவற்றுக்கும் "தொறங்கம்மா"தான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில், சிரிப்பு ஓய்ந்தபோது மூடிய கதவுக்குள்ளிருந்து ஆயிஷாவின் குரல் வந்தது.

"பவீ, நீ போயோ?"

"இல்ல."

சற்று நேரம் தண்ணீர் சத்தம்.

"இப்பவோ?"

"இல்லடி. இங்கதான் நிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முதல் பீரியட் மணி அடித்தது. வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி மைதானம் வரை போயிருந்தது. எச்.எம். யாரையும் வகுப்புக்குப் போகச் சொல்லவில்லை.